ஆவி வேட்டையும் கருவிப் பெட்டியும்

பேயுண்டு என்று பாட்டி சொன்னால் நம்மிற் பலர் நகைப்போம். அதையே செவ்விளக்கு மின்னும் சிறு பெட்டியொன்று சொன்னால் ஒரு கணம் தயங்குவோம். இந்தத் தயக்கத்தைப் பற்றியே இங்கு பேச விரும்புகின்றோம். இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தொலைக்காட்சியிற் பெருகிய ஆவி ஆராய்ச்சி நிகழ்ச்சிகளில் மந்திரவாதியின் இடத்தைக் கருவி பிடித்துக்கொண்டது. "அது மூடநம்பிக்கை, இது விஞ்ஞான முறை" என்று மாணவர் வாதிடுவதை ஆசிரியர் பலர் கேட்டிருப்பர். அவ்வாதத்தை எள்ளி ஒதுக்குவதிற் பயனில்லை. அது எங்கிருந்து வந்தது என்று காண்பதே தக்கது.

அது பெருமளவுக்கு ஒரு நூலிலிருந்து வந்தது. ஹரி பிறைஸ் என்னும் ஆங்கிலேயர் 1940இல் வெளியிட்ட 'இங்கிலாந்திலேயே பேய் மிகுந்த வீடு' என்பதே அது. எசெக்ஸ் மாவட்டத்துப் போர்லிக் கிராமத்தில் 1860களிற் கட்டப்பட்ட பாதிரிமனையே அவ்வீடு. பிறைஸ் 1929இல் ஒரு நாளிதழின் அழைப்பிலே முதன்முதலாக அங்கு சென்றார். 1937இல் ஓராண்டுக்கு அம்மனையை வாடகைக்கு எடுத்தார். 'தி டைம்ஸ்' பத்திரிகையில் விளம்பரம் செய்து, ஓய்வும் அறிவும் துணிவும் உடையோரென்று தாம் கருதிய நாற்பத்தெட்டுப் பேரைச் சேர்த்து, நீல அட்டையிட்ட கைந்நூல் ஒன்றையும் அவர்களுக்கு அளித்தார். ஓய்வு என்ற தகுதி கவனிக்கத்தக்கது. ஆலையில் இரவுமுறை பார்ப்பவனுக்குப் பேய் பார்க்க ஏது நேரம்?

இந்நூலை இலக்கியமாகப் படித்தால் அதன் மிகச் சிறந்த பகுதி கருவிப் பட்டியலே எனலாம். ஓசையின்றி நடக்கக் கம்பளிக் காலுறை, எஃகு அளவுநாடா, கதவுகளை அடைத்து முத்திரையிட ஈய வில்லைகள், மின்கம்பி, மின்கலம், தொலைவிலிருந்தே இயக்கத்தக்க சலனப்படக் கருவி, வெப்பமானி, கைரேகை எடுக்கக் காரீயத்தூள், தரையின் அதிர்வைக் காட்டப் பாதரசக் கிண்ணம் என்று அது நீளுகின்றது. எவரேனும் மயங்கி விழுந்தால் கொடுக்கப் பிராந்திக் குப்பியும் உண்டு. (அக்குப்பி எத்தனை இரவுகளில் மயக்கமின்றியே திறக்கப்பட்டது என்பதை நூல் சொல்லவில்லை.)

இப்பட்டியல் வாசகனிடத்து என்ன செய்கின்றது? ஒவ்வொரு பொருளும் உண்மையானது, கடையில் வாங்கத்தக்கது. அளவுநாடாவை எவர் சந்தேகிப்பார்? இவ்வளவு ஐயங்களை முன்கூட்டியே எண்ணியவர் ஏமாறியிரார் என்ற நம்பிக்கை நமக்குப் பிறந்துவிடுகின்றது. பின்னர் வரும் காலடியோசைகளும் தானே நகரும் பொருள்களும் அந்நம்பிக்கையை முதலாகக் கொண்டு வாழுகின்றன. நாவலாசிரியன் நம்பத்தகாத சம்பவத்துக்கு முன் தெருவின் பெயரையும் மழையின் அளவையும் கவனமாகச் சொல்வானே, அதே உத்திதான். பிறைஸ் தேர்ந்த உரைநடையாளர். அதை மறுப்பது விமர்சனமாகாது.

ஆனால் பாதரசம் நடுங்கினால் தெரியவருவது யாது? தரை அதிர்ந்தது என்பது மட்டுமே. அதிர்வித்தது வண்டியா, எலியா, குளிரிற் சுருங்கும் மரச்சட்டமா, பக்கத்து அறையில் நடந்த இன்னோர் அவதானியா என்பதைக் கிண்ணம் சொல்லாது. அதைச் சொல்ல வேண்டுமெனின், பேயில்லை என்று எல்லாரும் ஒப்புக்கொள்ளும் அதுபோன்ற ஒரு பழைய வீட்டிலும் அதே கிண்ணத்தை அத்தனை இரவுகள் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். அவ்வாறான இணைவீடு எதுவும் போர்லி ஆராய்ச்சியில் இல்லை. கருவி இருந்தது; ஒப்பீடு இல்லை.

இவ்விடத்தில் மைக்கேல் பரடேயை நினைக்க வேண்டியுள்ளது. கொல்லனின் மகன், புத்தகம் கட்டும் பட்டறையில் தொழில் பயின்றவர். 1853இல் இலண்டன் வரவேற்பறைகளிற் பலர் கூடி மேசைமேற் கைவைக்க, மேசை தானாகச் சுழலும் விந்தை பரவியிருந்தது. பரடே ஆவியை அளக்க முனையவில்லை. இரண்டு பலகைகளுக்கிடையே கண்ணாடி உருளைகளை வைத்து, இறப்பர்ப் பட்டையாற் பிணைத்து, மேற்பலகை சற்றே நகர்ந்தாலும் சாய்ந்து காட்டும் மெல்லிய துரும்பொன்றைப் பொருத்தினார். மேசை கையை இழுக்கின்றதா, கை மேசையைத் தள்ளுகின்றதா என்பதே அவர் எழுப்பிய வினா. கையே முதலில் நகர்ந்தது. அதனினும் பெரிய செய்தி வேறொன்று: துரும்பு கண்ணிற் படும்படி வைத்தவுடன் மேசை அசையவேயில்லை. அமர்ந்திருந்தோர் வஞ்சகரல்லர், தாம் தள்ளுவதை அறியாதவர். அறிந்ததும் நிறுத்திவிட்டனர்.

இரு கருவிகளும் எளியவை. ஒன்றின் முகம் பார்ப்பவனை நோக்கியிருந்தது. மற்றையது இருட்டை நோக்கியிருந்தது. பின்வந்த ஆவி வேட்டைக்காரர் பரடேயின் துரும்பைக் கைவிட்டுப் பிறைசின் கிண்ணத்தையே எடுத்துச் சென்றனர்.

இன்றைய மின்காந்தமானி வீட்டு மின்கம்பிகளையும் சாதனங்களையும் சூழ்ந்த புலத்தை அளப்பதற்கானது. அதைச் செம்மையாகவே செய்கின்றது. இறந்தோர் மின்காந்தப் புலத்தை எழுப்புவர் என்பதையோ எவரும் நிறுவியதில்லை. ஆகவே விளக்கு மின்னுவது சட்டைப்பையிலுள்ள கைத்தொலைபேசியாலும் ஆகலாம், சுவருக்குட் கிடக்கும் பழங்கம்பியாலும் ஆகலாம். 2010இல் விளையாட்டுக்கென விற்பனைக்கு வந்த கினெக்ட் என்னும் கருவியின் கதை இன்னும் சுவையானது. அகச்சிவப்புப் புள்ளிகளை வீசித் தூரத்தைக் கணித்து, அதில் மனித உடலின் மூட்டுகளைத் தேடும்படி அது பயிற்றப்பட்டது. இருண்ட அறையிலே திரையின் மடிப்பையும் நாற்காலியின் முதுகையும் காட்டினால் அங்கும் கைகாலுடன் ஓர் உருவத்தைத் தேடிப் பிடித்துவிடும். மனிதனைக் காண்பதற்கே செய்யப்பட்ட யந்திரம் மனிதனைக் கண்டதில் வியப்பென்ன?

முதலாளித்துவச் சந்தை எதையும் விற்கும் என்று சொல்லி இதைக் கடந்துவிடுவது எமக்கு எளிது. அது உண்மையுமாகும். எனினும் வாங்குவோன் ஏன் வாங்குகின்றான் என்பதை அது விளக்காது. பள்ளியில் விஞ்ஞானத்தைக் கருவிகளின் பெயர்ப்பட்டியலாகவும் அவை காட்டும் எண்களாகவும் கற்றவனுக்கு, எண் காட்டும் எதுவும் விஞ்ஞானமே. இக்குற்றத்தில் ஆசிரியர்களாகிய நமக்கும் பங்குண்டு.

நேர்மையாகக் கருவியைக் கையாண்டோரும் உளர். கொவென்றி நகரத்துப் பொறியியலாளர் விக் தண்டி, தாம் பணிசெய்த ஆய்வுகூடத்திற் கடைக்கண்ணிற் சாம்பல் நிற உருவமொன்றைக் கண்டார். மறுநாள் இடுக்கியிற் பிடித்திருந்த வாள்முனை தானே துடிக்கக் கண்டு, அதை நகர்த்தி நகர்த்தி அளந்து, புதிதாகப் பொருத்திய காற்றாடியொன்று செவிக்கெட்டாத அதிர்வை எழுப்புவதைக் கண்டுபிடித்தார். செக்கனுக்கு ஏறத்தாழ 19 அதிர்வு. காற்றாடியைத் திருத்தியதும் அது மறைந்தது. 1998இல் இதனை எழுதி வெளியிட்டார். அவர் கருதுகோளையும் பிறர் சோதித்தனர். 2009இல் வெளியான இலண்டன் ஆய்வொன்றில், இவ்வகை அதிர்வும் மின்காந்தப் புலமும் ஊட்டத்தக்க அறையிலே 79 பேரை ஒவ்வொருவராக ஐம்பது நிமிடம் இருத்தினர். பலர் விசித்திர உணர்வுகளைக் கூறினர். ஆனால் அதிர்வும் புலமும் இருந்தமைக்கும் இல்லாமைக்கும் அவ்வுணர்வுகள் பொருந்தி வரவில்லை. எதையோ உணரக்கூடும் என்று முன்னரே சொல்லப்பட்டிருந்தமை போதுமாயிற்று என்பதே ஆய்வாளர் நாடிய விளக்கம்.

போர்லிக்கு மீள்வோம். அவ்வீட்டிற் கலவரம் உச்சமடைந்தது 1930க்கும் 1935க்கும் இடையில், பாதிரியார் லயனல் பொய்ஸ்ரரும் மனைவி மரியானும் வாழ்ந்த காலத்தில். கணவர் இருபது வயதுக்கு மேல் மூத்தவர், மூட்டுவாதத்தால் நலிந்தவர். மின்விளக்கற்ற பெரிய மனை, குளிர், தனிமை. சுவர்களில் மரியான் என்ற பெயரை விளித்து உதவி கேட்கும் கிறுக்கெழுத்துகள் தோன்றின. 1931இல் அங்கு சென்ற பிறைஸ் அப்பெண்ணையே தனிப்பட்ட முறையிற் சந்தேகித்தார். 1940ஆம் ஆண்டு நூலில் அச்சந்தேகம் மங்கி, மர்மம் ஒளிர்கின்றது. உளவியல் ஆராய்ச்சிச் சங்கத்தைச் சேர்ந்த டிங்வால், கோல்ட்னி, ஹோல் ஆகிய மூவர் 1956இல் இதனைச் சான்றுகளோடு எடுத்துக் காட்டினர். 1969இல் அச்சங்கத்தவரான வேறொருவர் பிறைசுக்காக வாதாடினார். பிறைஸ் பொய்யரா என்ற அவ்வழக்கை அவர்களிடமே விட்டுவிடலாம். எம்மை உறுத்துவது வேறு. ஈய வில்லையும் வெப்பமானியும் வந்தது 1937இல். பொய்ஸ்ரர் குடும்பம் 1935இலேயே போய்விட்டது. அத்தனை கருவிகளும் ஆளற்ற வீட்டையே அளந்தன.

எமது நாட்டில் ஏபிரகாம் கோவூர் வேறு வழியிற் சென்றவர். கேரளத்திற் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் ஆசிரியராக வந்து, 1978இல் மறையும்வரை இலங்கையில் வாழ்ந்தவர். கல்லெறியும் பேயென்றும் தீமூட்டும் பேயென்றும் அழைக்கப்பட்ட வீடுகளுக்கு அவர் பெட்டி எதையும் சுமந்து செல்லவில்லை. வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் தனியே இருத்திப் பேசினார். எறிந்த கை பெரும்பாலும் அவ்வீட்டிலேயே சொல்லமுடியாத துயரோடிருந்த ஒருவரின் கையாகவே இருந்தது. அவரைக் காட்டிக்கொடுத்து அவமதியாமல், துயருக்குப் பரிகாரம் தேடினார். அவர் முடிவுகள் யாவும் பிழையற்றவை என்று நாம் சொல்லமாட்டோம். அவற்றுக்கும் ஒப்பீடு வேண்டும். ஆயினும் கேட்கவேண்டியவரிடம் அவர் கேட்டார்.

போர்லியில் 1937ஆம் ஆண்டு அவதானிகள் சுவர்களிற் புதிய பென்சிற் கோடுகளைத் தேடினர். கண்ட ஒவ்வொன்றையும் வட்டமிட்டு, பக்கத்தில் திகதி எழுதினர். உதவி கேட்ட பழைய எழுத்துகளைக் கவனமாகப் படியெடுத்து நூலிற் சேர்த்தனர்.