அறிவினாவும் ஐயவினாவும்: பங்குச் செபக் கூட்டங்களின் பேச்சு மரபு பற்றிய ஒரு நோக்கு

இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கரின் கலை இலக்கிய மரபு பற்றி எழுந்த ஆய்வுகள் பெரும்பாலும் கூத்து, வாசாப்பு, பள்ளு, அம்மானை ஆகியவற்றையே பொருளாகக் கொண்டுள்ளன. ஞானப்பள்ளும் சந்தியோகுமையோர் அம்மானையும் பெற்ற கவனத்தைப் பங்குமக்கள் மாதந்தோறும் கூடிச் செபிக்கும் சாதாரணக் கூட்டம் பெற்றதில்லை. அரங்கும் ஒப்பனையும் ஏடும் இல்லாத ஒன்றில் ஆராய்வதற்கு என்ன உண்டு என்ற எண்ணமே இதற்குக் காரணமாகலாம். ஆயினும், ஒரு சமூகம் தன் நம்பிக்கையை எவ்வாறு பேசிப் பயில்கின்றது என்பதை அறிய விரும்புவோர்க்கு இக்கூட்டம் தக்கதொரு களமாகும். மேடையேறாதவர்களும் ஏடெழுதாதவர்களும் வாய் திறக்கக்கூடிய இடம் அது. உண்மையில் அவர்கள் அங்கு வாய் திறக்கின்றனரா, திறப்பின் எதனைப் பேசுகின்றனர் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கூட்டத்தின் அமைப்பு யாவரும் அறிந்ததே. மாதத்தில் ஒரு மாலை ஆலய மண்டபத்திலோ, அன்பியத்தைச் சேர்ந்த ஒரு வீட்டு விறாந்தையிலோ பாய் விரிக்கப்படும். பாட்டு, செபமாலை, விவிலிய வாசகம், அது பற்றிய விளக்கம் அல்லது பகிர்வு, மன்றாட்டுக்கள், ஈற்றில் தேநீர் என்பது பொதுவான ஒழுங்கு. செபித்தலும் விசுவாசத்தைக் கற்றலும் ஆகிய இரண்டும் அதன் நோக்கங்களாகக் கூறப்படும். இவற்றுள் முன்னையது குறைவின்றி நிறைவேறுகின்றது. பின்னையது அவ்வாறு நிறைவேறுகின்றதா என்பது ஐயத்துக்குரியது. ஏனெனில், கற்றல் வினாவின்றி நிகழ்வதில்லை. எனவே இக்கூட்டங்களை மதிப்பிடுவதற்கு அங்கு வினவுபவர் யார், வினவப்படுவது எத்தகைய வினா என்று நோக்குதல் தகும்.

இதற்குரிய கருவி தமிழ் இலக்கண மரபிலேயே உண்டு. நன்னூலார் வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என ஆறாக வகுப்பர். ஆசிரியன் தான் அறிந்த பொருளை மாணாக்கனிடம் வினவுதல் அறிவினா. மாணாக்கன் தான் அறியாததை ஆசிரியனிடம் வினவுதல் அறியாவினா. இரண்டனுள் எது என்று துணிய முடியாது வினவுதல் ஐயவினா. தமிழ்க் கத்தோலிக்கச் செபக் கூட்டங்களின் நீண்ட வரலாற்றில் அறிவினாவே அரசோச்சி வந்துள்ளது. ஏனைய இரண்டுக்கும் உரிய இடம் வாய்த்ததில்லை.

தமிழ் அச்சின் தொடக்கமே இவ்வரலாற்றோடு பிணைந்தது. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’, 1579இல் கொச்சியில் அச்சான ‘கிரீசித்தியானி வணக்கம்’ ஆகிய இரண்டும் என்றிக்கே என்றீக்கசு அடிகளாரின் முயற்சியால் வெளிவந்தவை. செபத்தையும் விசுவாசத்தையும் கற்பிக்கும் நோக்கில் எழுந்தவை. இவற்றுள் பின்னையது வினாவிடை முறையில் அமைந்தது. பின்வந்த ஞானோபதேச நூல்கள் பலவும் இம்முறையைப் பின்பற்றின. இதன் செல்வாக்குக் கத்தோலிக்க எல்லையைக் கடந்தது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் கிறிஸ்தவ போதனையை எதிர்கொள்ள எழுதிய ‘சைவ வினாவிடை’யும் இதே வடிவத்தையே கைக்கொண்டது. நினைவிற் பதித்தற்கு இவ்வடிவம் மிகவும் ஏற்றது. எழுத்தறியாதாரும் கேட்டு மனனஞ் செய்யக்கூடியது. ஆயினும் அதிலுள்ள வினா, விடையை ஏற்கெனவே கையில் வைத்திருப்பவரின் வினா. விடை கூறுபவருக்கும் தாம் கூறும் விடை சொந்தமன்று. வினாவும் விடையும் ஒருவராலேயே எழுதப்பட்டுவிட்ட பின்னர் உரையாடலின் தோற்றம் மட்டுமே எஞ்சுகின்றது.

இவ்வாறு கற்பிக்கப்பட்ட மக்கள், வரலாற்று நெருக்கடி ஒன்றில் தாமே தம் கூட்டங்களுக்குப் பொறுப்பேற்க நேர்ந்தது. 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. கத்தோலிக்க குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்குப் புகலிடமளித்தல் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. 1687இல் யோசே வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்தடையும்வரை இப்பகுதி மக்கள் பெரும்பாலும் குருவின்றியே தம் நம்பிக்கையைப் பேணினர். அவர் வந்த பின்னரும் ஓரூருக்குக் குருவானவர் வருவது அரிதாகவே இருந்தமையால், ஊர்தோறும் மூப்பரும் அண்ணாவியாரும் நியமிக்கப்பட்டனர். மக்களைக் கூட்டிச் செபம் நடத்தலும் சிறுவர்க்குப் போதித்தலும் அவர்கள் கடனாயின. பொதுநிலையினரே தலைமை தாங்கும் இன்றைய மாதாந்தக் கூட்டத்தின் வேர் இங்கு உண்டு.

1705இல் இலங்கை வந்து 1742இல் மறையும்வரை இங்கேயே பணியாற்றிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய நூல்கள் இத்தகைய கூட்டங்களுக்கு உயிரூட்டின. அவற்றுள் ‘வியாகுலப் பிரசங்கம்’ தனித்து நோக்கத்தக்கது. தபசு காலத்தில் ஊரவர் ஒருவர் இழுத்து இசைத்து வாசிக்க, ஏனையோர் கேட்டுக் கண்ணீர் சொரியும் வழக்கம் யாழ்ப்பாண, மன்னார்ப் பகுதிகளில் தலைமுறைகளாக நிலைத்தது. குருவின் பிரசங்கம் குருவல்லாத ஒருவரின் குரலில் ஒலித்தமை சிறிய மாற்றமன்று. ஆனால் மாறியது குரல் மட்டுமே. வாசிப்பவர் ஏட்டிலிருந்து ஒரு சொல்லும் விலகார். கேட்போரின் பங்கு கண்ணீரோடு நின்றுவிடும். இதே மக்களின் ஒப்பாரி மரபில் இறந்தாரை நோக்கியும் விதியை நோக்கியும் பெண்கள் எழுப்பும் கேள்விகள் எத்தனையோ உண்டு. அவை மரணவீட்டோடு நின்றன. செபக் கூட்டத்துள் நுழையவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிகழ்ந்த மாற்றம் பெரிது. 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் மக்கள் மொழிக்கு இடமளித்தது; விவிலியத்தை எல்லோரும் பயில வேண்டும் என வலியுறுத்தியது. இலத்தீன் ஒலித்த பீடத்தில் தமிழ் ஒலித்தது. சர்வேசுரன் கடவுளாகவும், இஸ்பிரீத்துசாந்து தூய ஆவியாகவும், பூசை திருப்பலியாகவும் பெயர் மாறின. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு இன்றைய தமிழ் நடையை வாசகர் கையில் தந்தது. சொற்கள் புதுக்கப்பட்டன என்பதில் ஐயமில்லை. அச்சொற்களைக்கொண்டு பேசும் உரிமை யாருக்கு என்பது வேறு வினா.

அவ்வுரிமையைப் பகிர்ந்தளிக்கும் முயற்சியாகவே அன்பியங்கள் தோன்றின. அவற்றிற் பெரிதும் கையாளப்படுவது தென்னாபிரிக்காவின் லும்கோ நிறுவனத்தில் உருவாகிய ஏழுபடி முறையாகும். இறைவனை அழைத்தல், வாசித்தல், சொற்களைத் தெரிந்து அவற்றில் நிலைத்தல், மௌனம், பகிர்தல், செயல்பற்றி உரையாடுதல், செபித்தல் என்பன அப்படிகள். பகிரும் வேளையில் ஒருவர் கூறியதை மற்றவர் விவாதித்தல் ஆகாது என்பது அதன் விதி. இவ்விதிக்குத் தக்க நியாயம் உண்டு. கற்றவரும் உரத்துப் பேசுபவரும் மற்றையோரை வாயடைக்கச் செய்யாது அது காக்கின்றது. முதன்முறையாக ஒரு மீனவப் பெண்ணோ கூலித் தொழிலாளியோ வேதவாக்கியத்தைத் தம் வாழ்வோடு இணைத்துத் தம் வாயாற் பேச அது வழிசெய்தது. இது கொன்சால்வெஸ் காலத்து வாசிப்பினின்றும் வெகுதூரம் முன்னேறிய நிலை.

எனினும், விவாதத்தை விலக்கிய விதி நடைமுறையில் வினாவையும் சேர்த்தே விலக்கிவிடுகின்றது. ‘இந்த வசனம் எனக்கு ஆறுதல் தருகின்றது’ என்பதற்கு இடமுண்டு; ‘இந்த வசனம் எனக்கு விளங்கவில்லை’, ‘இதை என்னால் நம்ப முடியவில்லை’ என்பதற்கு எந்தப் படியில் இடம்? ஆறாம் படி அதற்கு இடந்தரக் கூடியது. ஆனால் பல கூட்டங்களில் அப்படி திருவிழா ஒழுங்கு, சிரமதானம், நோயாளர் தரிசிப்பு ஆகியவற்றைப் பங்கிடுவதோடு முடிந்துவிடுகின்றது. எஞ்சிய விளக்கத்தை, கூட்டத்தை நடத்துபவர் சிறு பிரசங்கமாக நிகழ்த்துகின்றார். பிரசங்கபீடம் ஆலயத்தினின்றும் விறாந்தைக்கு இடம்பெயர்ந்ததேயன்றி மறையவில்லை.

வினாவுக்கு இடமளித்த கூட்டம் உலகில் இல்லாமலில்லை. இலத்தீன் அமெரிக்காவில் 1968இல் மெடெயின் நகரிற் கூடிய ஆயர் மாநாடு அடித்தளக் கிறிஸ்தவ சமூகங்களுக்கு ஊக்கமளித்தது. அதற்கு முன்பே, 1966இல், கவிஞரும் குருவுமாகிய ஏர்னெஸ்டோ கார்தெனால் நிக்கரகுவா ஏரியிலுள்ள சொலென்டினாமே தீவுகளில் ஒரு சமூகத்தை நிறுவியிருந்தார். அங்கு ஞாயிறு வழிபாட்டிற் பிரசங்கத்துக்குப் பதிலாக விவசாயிகளும் மீனவர்களும் நற்செய்தி வாசகம்பற்றி உரையாடினர். அவ்வுரையாடல்கள் 1975 முதல் நூலுருப் பெற்றன. அவற்றில் ஒருவர் கூற்றை மற்றவர் மறுக்கின்றார், ஐயுறுகின்றார், குருவானவரின் கருத்தும் பல கருத்துக்களுள் ஒன்றாகவே நிற்கின்றது. குறையும் உண்டு: சிற்சில இடங்களில் ஐயம் முதிருமுன்னரே அரசியல் விடை வந்து அதனை மூடிவிடுகின்றது. அரசியல் ஞானோபதேசமும் ஞானோபதேசமே. 1977 ஒக்டோபரில் சன் கார்லோஸ் படைமுகாம் தாக்கப்பட்டபோது அச்சமூகத்து இளைஞரும் அதிற் பங்குகொண்டமையால், சொமோசாவின் படையினர் சொலென்டினாமேயைச் சிதைத்தனர். அவ்வனுபவத்தை அப்படியே இங்கு நடுதல் இயலாது, தேவையுமன்று. கேட்போர் வினவுபவராக மாறுதல் கூடும் என்பதற்கு அது சான்று; அவ்வளவே.

வினா விசுவாசத்துக்குப் பகை என்று அஞ்சுவோர் விவிலியத்தின் உருவத்தையே நோக்குதல் வேண்டும். கபிரியேல் தூதரின் மங்கல வார்த்தைக்கு மரியாள் முதலிற் கூறிய மறுமொழி ஒரு வினா. நல்ல சமாரியன் உவமை ஒரு சட்ட அறிஞரின் வினாவிற் பிறந்து, இயேசு அவரிடமே திருப்பிக் கேட்கும் வினாவில் முடிகின்றது. நன்னூலார் விடையை எண்வகைப்படுத்துமிடத்து ‘வினா எதிர் வினாதல்’ எனக் கூறும் வகைக்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு. யோபு நூலில் ஆயத்த விடைகளோடு வந்த நண்பர்களையே இறைவன் கடிந்துகொள்கின்றார். ஓயாது வினவிய யோபுவை அவ்வாறு கடியவில்லை. சிலுவையில் எழுந்த இறுதிக் குரல்களுள் ஒன்றும் வினாவாகவே அமைந்தது. இத்தகைய நூலைக் கையில் வைத்துக்கொண்டு வினாவுக்கு அஞ்சும் கூட்டம், தான் வாசிக்கும் நூலின் இயல்பையே உணராத கூட்டமாகும்.

இலங்கைத் தமிழ்ப் பிரதேசங்களில் இக்குறை கற்பித்தல் முறை பற்றியது மட்டுமன்று. 1995 ஜூலை 9இல் நவாலி புனித பேதுரு ஆலயத்தில் விமானக் குண்டுகள் வீழ்ந்தபோதும், 1999 நவம்பரில் மடுக்கோவிலில் எறிகணை வீழ்ந்தபோதும், புகலிடமென நம்பிச் சென்ற இடத்திலேயே மக்கள் மடிந்தனர். அவர்தம் உறவினர் மனத்தில் எழுவது அறியாவினா. 2009இல் முடிவுற்ற போரிற் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் மனத்திலிருப்பதோ இலக்கணம் கூறும் ஐயவினாவே. தொலைவில் தோன்றும் உரு மரக்கட்டையோ மனிதனோ என ஐயுறுதலை உரைகாரர் எடுத்துக்காட்டாகத் தருவர். மகன் உயிரோடு இருக்கின்றானோ இல்லையோ என்பது அத்தாய்மாரின் ஐயம். மன்றாட்டு வேளையில் அவன் பெயரை வாழ்வோருக்கான செபத்திற் சொல்வதா, மரித்தோருக்கான செபத்திற் சொல்வதா? கார்த்திகை மாதத்து ஆன்மாக்களின் நினைவுச் செபத்தில் அவனைச் சேர்ப்பதா, விடுவதா? 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியில் இத்தாய்மார் தொடர் போராட்டத்தைத் தொடங்கித் தெருவோரத்தில் அமர்ந்து அரசை நோக்கி இவ்வினாவை எழுப்பினர். தெருவில் எழுப்பக்கூடிய வினாவைச் செபக் கூட்டத்தில் எழுப்ப முடியாதெனின், குறை வினாவில் இல்லை.

அத்தகைய தாய் ஒருத்தி பகிர்வு வேளையிற் பேச நேர்ந்தால் வாசகத்தை விட்டுத் தனக்கு நேர்ந்ததையே கூறுவாள். வாசகத்தினின்றும் விலகிவிட்டாள் எனத் தலைவர் கருதி அடுத்தவருக்கு வாய்ப்பளிக்கலாம். நன்னூலார் அதனையும் விடையென்றே ஏற்பர். ‘உற்றது உரைத்தல்’ என்பது அதன் பெயர். இலக்கணம் ஏற்றுக்கொண்ட பேச்சைச் செபக் கூட்டம் ஏற்க மறுத்தல் விந்தையே.

பயிற்சியற்றோர் வினவத் தொடங்கினாற் குழப்பமும் பிணக்கும் விளையும் என்பது இதற்குக் கூறப்படும் மறுப்பு. அதிற் சிறிது உண்மையுண்டு. உபதேசியாரின் ஒழுக்கத்துக்கெனவே வீரமாமுனிவர் 1727இல் ‘வேதியர் ஒழுக்கம்’ என்னும் தனிநூல் எழுதினார் என்பது, போதிப்பவரின் தகுதியைத் திருச்சபை எத்துணைப் பொருட்படுத்தியது என்பதைக் காட்டும். இன்று கூட்டம் நடத்துவோர்க்கும் பயிற்சி வேண்டும். ஆனால் அது விடை கூறும் பயிற்சியாக மட்டும் அமைதல் போதாது. விடை தெரியாத வினாவை அவசரப்பட்டு மூடாது கேட்டிருக்கும் பயிற்சியாகவும் அமைதல் வேண்டும்.

இதற்குப் பெரிய சீர்திருத்தம் எதுவும் வேண்டியதில்லை. ஆறாம் படியில் எழும் வினாக்களைச் செயலாளர் தம் குறிப்புப் புத்தகத்தில், கேட்டவர் சொற்களிலேயே எழுதிக்கொள்ளலாம். அடுத்த மாதக் கூட்டம் சென்ற கூட்ட அறிக்கையை வாசிப்பதற்கு முன்னர் அவ்வினாக்களை வாசித்துத் தொடங்கலாம். விடை கிடைத்தவை அடிக்கப்படட்டும். கிடையாதவை மன்றாட்டுக்களோடு சேர்ந்து மாதந்தோறும் ஒலிக்கட்டும்.