தெரியாது என்று சொல்லாத எளிமை

இனி நடக்கப்போகும் கிளினிக்கல் ட்ரையல்களை எளிய தமிழில் முன்கூட்டியே விளக்கும் எழுத்து இப்போது பெருகிவிட்டது. நாளிதழ்களின் நலவாழ்வுப் பக்கங்களில் வருகிறது, வார இதழ்களில் வருகிறது, டாக்டர்கள் கைபேசியில் பேசிப் போடும் காணொளிகளிலும் வருகிறது. நோய், புதிய மருந்து, எத்தனை பேரிடம் ஆய்வு, எப்போது கடைக்கு வரும் என்ற வரிசையில் எல்லாம் ஒரே அச்சில் இருக்கின்றன. இவற்றில் ஏதோ விடுபடுகிறது என்று யாராவது சொன்னால் உடனே ஒரு பதில் கிடைக்கும்: சாதாரண ஜனங்களுக்கு இவ்வளவு போதும், மிச்சத்தையும் சொன்னால் குழம்பிப் பயந்துவிடுவார்கள். பரிவோடு சொல்லப்படுவதாலேயே இந்தப் பதில் எதிர்ப்பின்றி நிலைத்துவிட்டது. அதை ஏற்க முடியாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த எழுத்தால் நன்மை இல்லாமல் இல்லை. மருந்து ஆய்வுகளுக்கென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தும் பதிவேடு 2007 ஜூலையில் தொடங்கியது. 2009 ஜூன் முதல் அதில் பதிவது கட்டாயமானது. யாரும் பார்க்கலாம் என்றுதான் திறந்து வைத்திருக்கிறார்கள், ஆனால் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதிலிருப்பதைத் தமிழுக்குக் கொண்டுவருபவர் நல்ல காரியம் செய்கிறார். கொரோனா காலத்து வதந்திகளுக்கு நடுவே இத்தகைய கட்டுரைகள் பலருக்குத் தைரியம் தந்தன. இதையெல்லாம் மனதார ஒப்புக்கொள்கிறேன்.

என் மறுப்பு வேறு இடத்தில் இருக்கிறது, அது பழையதும்கூட. ஓர் ஆய்வு எதற்காக நடக்கிறது? மருந்து வேலை செய்யுமா, யாருக்குச் செய்யும், யாருக்குக் கெடுதல் செய்யும் என்பது நடத்துபவர்களுக்கே தெரியாததால் நடக்கிறது. தெரிந்திருந்தால் ஆய்வே வேண்டாம், நேரே கொடுத்துவிடலாம். இந்த ஒன்றைத்தான் நம் எளிய கட்டுரைகள் சொல்வதில்லை. கடினமான சொற்களையெல்லாம் இறக்கிவைத்துவிட்டு, கூடவே இந்த உண்மையையும் இறக்கிவைத்துவிடுகிறார்கள்.

டெங்கு தடுப்பூசியை எடுத்துக்கொள்வோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் பனேசியா பயோடெக் நிறுவனமும் சேர்ந்து நடத்தும் ‘டெங்கிஆல்’ ஊசியின் மூன்றாம் கட்ட ஆய்வு 2024 ஆகஸ்ட் 14 அன்று ஹரியானாவின் ரோத்தக்கில் தொடங்கியது. 18 மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலுமாக 19 மையங்கள். 10,335 ஆரோக்கியமான பெரியவர்கள். ஒவ்வொருவரையும் இரண்டு ஆண்டு தொடர்ந்து கவனிப்பார்கள். இவ்வளவும் நம் கட்டுரைகளில் சரியாகவே வந்தன. டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு, நான்குக்கும் ஒரே ஊசி என்பதும் வந்தது. உள்நாட்டுத் தயாரிப்பு என்ற பெருமை தவறாமல் வந்தது. ஏன் இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பது மட்டும் வரவில்லை.

அதற்குக் காரணம் டெங்குவின் சுபாவம். முதல் முறை ஒரு வகை டெங்கு வந்து போனவருக்கு இரண்டாம் முறை வேறு வகை வந்தால் நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். முதல் தொற்றில் உண்டான எதிர்ப்புப் பொருளே அடுத்த வைரஸுக்கு வழிவிடக்கூடும். ஒரு தடுப்பூசியும் அந்த முதல் தொற்றின் வேலையைச் செய்துவிட முடியும். சனோஃபி நிறுவனத்தின் டெங்வாக்சியா அப்படித்தான் செய்தது. ஆய்வின் மூன்றாம் ஆண்டிலேயே, ஊசி போட்ட சிறு குழந்தைகள் டெங்குவோடு மருத்துவமனைக்கு வருவது கூடியிருந்தது. ஆனாலும் 2016 ஏப்ரலில் பிலிப்பைன்ஸ் அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குப் போடத் தொடங்கி எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்குப் போட்டுவிட்டது. 2017 நவம்பரில் நிறுவனமே அறிவித்தது: இதற்குமுன் டெங்கு வராதவர்களுக்கு இந்த ஊசியால் கடும் டெங்கு வரும் ஆபத்து கூடலாம். திட்டம் நின்றது. அதோடு அந்த நாட்டில் மற்ற தடுப்பூசிகள் மேலிருந்த நம்பிக்கையும் சரிந்தது.

டெங்கிஆல் அப்படிச் செய்யும் என்று நான் சொல்லவில்லை. அதன் மூல வைரஸ்கள் அமெரிக்க அரசின் என்.ஐ.எச். ஆய்வகத்தில் வேறு முறையில் பலவீனப்படுத்தப்பட்டவை. அதே மூலத்திலிருந்து பிரேசிலின் புட்டாண்டான் நிறுவனம் செய்த ஊசியை 16,000-க்கும் மேற்பட்டவர்களிடம் ஆய்ந்தார்கள். இரண்டு ஆண்டில் ஏறக்குறைய 80 சதவீதப் பாதுகாப்பு தெரிந்தது. ஆனால் அந்த இரண்டு ஆண்டும் அங்கே பரவியவை முதல் இரண்டு வகைகள் மட்டுமே. மூன்றாம், நான்காம் வகைகளுக்கு எதிராக அது எவ்வளவு தாங்கும் என்பதை அந்தக் கணக்கால் சொல்ல முடியவில்லை. நம் நாட்டு ஆய்வு தேடும் விடைகளில் இதுவும் ஒன்று. ‘நான்குக்கும் ஒரே ஊசி’ என்று எழுதும்போது, இனிமேல்தான் தெரிய வேண்டியதைத் தெரிந்துவிட்டதாக எழுதிவிடுகிறோம்.

இது அவிநாசிபாளையத்தில் என்ன பொருள் தரும் என்று பாருங்கள். திருப்பூர்–தாராபுரம் சாலையும் கோவை–திருச்சி சாலையும் வெட்டிக்கொள்ளும் ஊர். சுற்றிலும் பனியன் கம்பெனிகள், பல்லடம் பக்கம் போனால் தறிக்குடோன்கள், இடையிடையே லைன் வீடுகள். குழாயில் தண்ணீர் நாள்கணக்கில் இடைவெளி விட்டு வரும் இடங்களில் வாசலுக்கு வாசல் பிளாஸ்டிக் டிரம் நிற்கும். ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். அந்த வாசல்களில் ஒன்றில் தேனிக்காரரும் அசாம்காரரும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் இருப்பார்கள். 2017–18இல் எடுத்த நாடு தழுவிய ரத்த ஆய்வின்படி, 5 முதல் 45 வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு ஏற்கெனவே டெங்கு வந்துபோயிருக்கிறது. தென் மாநிலங்களில் அது நான்கில் மூன்று பங்குக்கும் மேல். வடகிழக்கில் மிகக் குறைவு. ஆக, தேனிக்காரருக்குத் தனக்கே தெரியாமல் ஒருமுறை வந்திருக்க வாய்ப்பு அதிகம், அசாம்காரருக்கு அநேகமாக வந்திருக்காது. முந்தைய ஊசி கெடுதல் செய்தது இவரைப் போன்றவர்களுக்குத்தான். புதிய ஊசியைப் பற்றி இருவரும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றாக இருக்க முடியாது. நம் எளிய கட்டுரை இருவருக்கும் ஒரே நற்செய்தியைத் தருகிறது.

இங்கே வழக்கமான மறுமொழி வரும்: கட்டுரை ஆர்வத்தை உண்டாக்கினால் போதும், விவரமெல்லாம் ஒப்புதல் படிவத்தில் இருக்கும். இருக்கத்தான் செய்யும். 2019 மார்ச்சில் வந்த ‘புதிய மருந்துகள், கிளினிக்கல் ட்ரையல் விதிகள்’ அந்தப் படிவத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பட்டியலிடுகின்றன. ஆய்வு மருந்து பலன் தராமல் போகலாம் என்று எழுத வேண்டும். எந்தப் பிரிவில் சேர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்ல வேண்டும். மருந்தில்லாத ஊசி போடப்படும் பிரிவு இருந்தால், அதனால் எந்தப் பலனும் இராது என்று சொல்ல வேண்டும். சட்டம் கட்டாயம் என்று வைத்த இந்த மூன்றையும் எளிய கட்டுரைகள் குழப்பம் தரும் என்று கைவிடுகின்றன. அரசிதழ் நடையில் எழுதப்பட்ட விதி தொழிலாளியை மதித்த அளவுக்குக்கூட, அவருக்காகவே எழுதுவதாகச் சொல்லும் எழுத்து மதிக்கவில்லை.

தவிர, படிவம் கைக்கு வருவது எப்போது? ஒன்றரை ஷிஃப்ட் பார்த்துவிட்டு வரும் ஆள், ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, மையத்துக்குப் போய், உட்கார்ந்த பிறகு வரும். அவர் மனம் அதற்கு முன்பே முடிவு செய்திருக்கும். கட்டுரையைச் சூப்பர்வைசர் படித்திருப்பார், காண்ட்ராக்டர் வாட்ஸாப்பில் தள்ளிவிட்டிருப்பார், ஹாஸ்டல் வார்டன் சாப்பாட்டு நேரத்தில் சொல்லியிருப்பார். “இந்த ஊசி போட்டுக்கிட்டா டெங்கு வராதுங்ளா?” என்று ஒருவர் கேட்பார், “வராதாமா” என்று பதில் வரும். முதலில் காதில் விழுந்த இந்த வாக்கியத்தை அப்புறம் நீட்டப்படும் பல பக்கப் படிவம் அசைப்பது கடினம்.

வார்டனைப் பற்றிச் சொல்லும்போது, ஆந்திரத்தில் நடந்ததை நினைக்காமல் இருக்க முடியாது. 2009இல், அன்றைய கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் பாத் என்ற அமைப்பு, மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து, கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான ஹெச்.பி.வி. தடுப்பூசியைச் சிறுமிகளுக்குப் போட்டது. பார்த்தவர்களுக்கு அரசின் வழக்கமான தடுப்பூசித் திட்டம் போலவே தெரிந்தது. சிறுமிகள் சிலர் இறந்ததும் 2010 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது; இறப்புகளுக்கு ஊசி காரணமில்லை என்றே விசாரணைக் குழு கருதியது. 2013 ஆகஸ்டில் வந்த நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கை வேறொன்றை எடுத்துக்காட்டியது. ஆந்திரத்தின் 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763 படிவங்களில் விடுதி வார்டன்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். ஹெச்.பி.வி. தடுப்பூசி நல்ல தடுப்பூசி. உலகம் முழுக்க அது நிரூபணமாகிவிட்டது. இது ஆய்வைச் சேர்ந்த வேலை, இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று அன்றைக்கே அந்தப் பிள்ளைகளின் பெற்றோரிடம் சொல்லியிருந்தால், ஒரு நல்ல ஊசி இத்தனை ஆண்டு சந்தேகத்தைச் சுமந்திருக்க வேண்டியதில்லை. திருப்பூர்ப் பகுதியில் மில் ஹாஸ்டல்களில் தங்கி வேலை பார்க்கும் பெண்பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களுக்காகக் கையெழுத்துப் போடத் தயாராக இருப்பவர்களுக்கும் இங்கே குறைவில்லை.

‘ஜனங்கள் குழம்புவார்கள்’ என்பவர்கள் ஒரு நாள் பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிள் பக்கம் வந்து நிற்க வேண்டும். ஒரே ரோலிலிருந்து இரண்டு துண்டு வெட்டி, ஒன்றைத் துவைத்து இன்னொன்றைத் துவைக்காமல் வைத்து, சுருக்கத்தையும் சாயத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இங்கே அன்றாட வேலை. சிலருக்கு மருந்து, சிலருக்கு மருந்தில்லாத ஊசி, யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும், ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும் என்று இவர்களிடம் சொன்னால் ஏன் புரியாது? எழுதுகிறவருக்குத்தான் இதைச் சொல்லத் தயக்கம். சொன்னால் கட்டுரையின் உற்சாகம் குறைந்துவிடும், டாக்டரின் அதிகாரம் ஒரு படி இறங்கிவிடும் என்ற தயக்கம்.

உண்மையில், தெரியாது என்று ஒப்புக்கொண்டதில் விளைந்த பெரிய நன்மைகளில் ஒன்று தமிழ்நாட்டில்தான் விளைந்தது. 1956இல் சென்னையில் காசநோய் வேதி மருத்துவ மையம் தொடங்கியது. காசநோய்க்காரர் சானடோரியத்தில் படுத்தே ஆக வேண்டும், நல்ல காற்றும் சத்தான சாப்பாடும் ஓய்வும் இல்லாமல் குணமாகாது என்பது அன்று டாக்டர்கள் உறுதியாக நம்பிய விஷயம். அந்த உறுதியைக் கேள்வி கேட்டு, 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்குச் சானடோரியத்திலும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தார்கள். நெருக்கமான குடிசையில், குறைந்த சாப்பாட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். 1959இல் முடிவு வெளியானது. உலகம் முழுக்கக் காசநோயாளிகள் வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடலாம் என்றானதற்கு அது ஒரு பெரிய காரணம்.

மறுபக்கமும் இங்கேதான் நடந்தது. 1968 முதல் 1971 வரை, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில் ஏறத்தாழ 2.8 லட்சம் பேருக்கு பி.சி.ஜி. ஊசியோ மருந்தில்லாத ஊசியோ போட்டார்கள். உலகின் மிகப் பெரிய பி.சி.ஜி. ஆய்வு அது. ஊசி பலன் தரும் என்றே பலரும் எதிர்பார்த்தார்கள். 1979இல் வெளியான முதல் முடிவிலும், பின்னர் 15 ஆண்டு கவனித்து வெளியிட்ட முடிவிலும், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது. 1968இல் அந்த ஊர்களுக்கு ஒருவர் இன்றைய பாணியில் முன்னறிவிப்பு எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பார்? காசநோய்க்கு முடிவு வருகிறது என்றுதான். அது பொய்யாகியிருக்கும், அவரோ நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருப்பார்.

ஆகவே, நான் கேட்பது பெரிய விஷயமில்லை. ஒரு டெங்கு ஊசி ஆய்வைப் பற்றி எழுதும்போது இப்படித் தொடங்கலாம்: ‘இந்த ஊசி டெங்குவைத் தடுக்குமா என்பது எங்களுக்கு இன்னும் தெரியாது. முன்பு வந்த ஒரு ஊசி, டெங்கு வந்தேயிராதவர்களுக்குக் கெடுதல் செய்தது. இது அப்படிச் செய்யாது என்று எண்ணுகிறோம், உறுதி செய்யத்தான் இந்த ஆய்வு. உங்களுக்கு மருந்தில்லாத ஊசியும் கிடைக்கலாம். எது என்று உங்களுக்கும் தெரியாது, ஊசி போடுகிற எங்களுக்கும் தெரியாது. சேர்ந்த பிறகு எப்போது வேண்டுமானாலும் விலகலாம். ஆய்வால் உடம்புக்கு ஏதாவது ஆனால் சிகிச்சை இலவசம், இழப்பீடும் உண்டு.’ இதில் அவிநாசிபாளையத்துக்காரர் யாருக்கும் புரியாத சொல் ஒன்றுமில்லை. ஒடியாவிலும் இந்தியிலும் அசாமியிலும் இதே ஏழு வாக்கியங்களைச் சொல்லலாம். சொல்லவும் வேண்டும், ஏனென்றால் லைன் வீடுகளில் பலருக்குத் தமிழ்ப் பத்திரிகை எட்டுவதேயில்லை.

இப்படி எழுதினால் ஆள் வரமாட்டார்கள் என்பார்கள். சிலர் வராமல் போகலாம். பத்துப் பேர் சேர வேண்டிய இடத்தில் ஆறு பேர் சேர்ந்தால், ஆய்வு முடிய இன்னும் கொஞ்ச காலம் பிடிக்கும், நடத்துபவர்களுக்குச் செலவும் கூடும். அந்தக் காலத்தையும் செலவையும் மருந்து நிறுவனமும் அரசும் தாங்கலாம். இப்போது அவற்றைத் தாங்குவது, என்ன ஊசி என்று தெரியாமல் கையை நீட்டுகிற ஆள்.