தெளிவும் மண்டியும்: ரசம் சோற்றை ரசிப்பது எப்படி?

விருந்துச் சாப்பாட்டை ரசிக்க யாரும் சொல்லித்தர வேண்டாம். இலை நிறையப் பதார்த்தம் இருந்தால் கண்ணே பாதி சாப்பிட்டுவிடும். எளிய சாப்பாட்டுக்குத்தான் நம் கவனம் தேவைப்படுகிறது. குழைந்த சூடான சோறு, ரசம், ஒரு உருண்டை பருப்புத் துவையல், சுட்ட அப்பளம். "இன்னைக்கு ஒண்ணும் பெருசா செய்யல, ரசமும் துவையலும்தான்" என்று சொல்லிக்கொண்டே வீட்டில் பரிமாறுவார்கள். உண்மையில் நம் சமையலில் அதிகக் கைப்பக்குவம் கேட்கும் சாப்பாடு இதுதான்.

காரணம் எளிது. குழம்பில் பிழை நேர்ந்தால் அரைத்த தேங்காயோ எண்ணெயோ காயோ கொஞ்சம் மறைத்துவிடும். ரசத்தில் மறைக்க எதுவும் இல்லை. புளி பழசானால் தெரியும், மிளகு மணம் போனதென்றால் தெரியும், இரண்டு நிமிடம் கூடுதலாகக் கொதித்தால் அதுவும் தெரியும். எந்தப் பொருளை எப்போது போட்டார்கள், எப்போது இறக்கினார்கள் என்பதில்தான் ரசத்தின் ருசி இருக்கிறது. இதைக் கவனிக்கப் பழகிவிட்டால் தினசரிச் சாப்பாடே விருந்தாகிவிடும்.

முதலில் மூக்கு

ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றியதும் குடித்துவிடாதீர்கள். கிண்ணத்தை முகத்தருகே கொண்டுவந்து ஒருமுறை மூச்சை இழுங்கள். முதலில் வருவது தாளித்த கடுகும் கறிவேப்பிலையும். அடுத்து பெருங்காயம். ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கத்து மலைகளில் வளரும் ஒரு செடியின் வேரைக் கீறி எடுக்கும் பால், காய்ந்து பிசினாகிப் பெருங்காயமாகிறது. அவ்வளவு தூரத்திலிருந்து வரும் பொருள் இல்லாமல் நம் ரசத்துக்கு மணமே இல்லை. அதற்கும் கீழே, கொஞ்சம் பொறுத்து, நுணுக்கிய சீரகமும் மிளகும் வரும். கடைசியாகக் கொத்தமல்லித் தழையின் பச்சை வாசம்.

இந்த நான்கும் தனித்தனியாகத் தெரிந்தால் நல்ல ரசம். பெருங்காயம் மட்டுமே முகத்தில் அறைந்தால் அளவு கூடிவிட்டது. புளியின் பச்சை வாடை வந்தால் முதல் கொதி போதவில்லை. எந்த வாசமும் வராமல் வெறும் ஆவி மட்டும் வந்தால், ரசம் கொதித்துத் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

பிறகு நாக்கு, அதன்பின் தொண்டை

ஒரு வாய் ரசத்தைச் சோறு இல்லாமல் தனியாகக் குடியுங்கள். முதலில் புளிப்பு, உடனே உப்பு, அதன்பின் காரம். காரத்தில் இரண்டு வகை உண்டு. மிளகாய் நாக்கிலும் உதட்டிலும் சுரீரென்று பிடிக்கும். மிளகு விழுங்கியபின் தொண்டையில் மெல்லச் சூடேற்றும். நல்ல மிளகு ரசத்தில் காரம் தொண்டைக்குப் போனபின்தான் தெரியவேண்டும்.

மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். கொலம்பஸ் 1492இல் அங்கே கால் வைத்த பிறகே அவை உலகின் இந்தப் பக்கம் வந்தன. அதற்கு முன் நம் சமையலில் காரத்துக்கு மிளகும் புளிப்புக்குப் புளியும் இருந்தன. தக்காளி சேர்க்காமல் புளி, மிளகு, சீரகம் மட்டும் வைத்து ஒருநாள் ரசம் வைத்துப் பாருங்கள். நிறம் மங்கலாக இருக்கும். சுவை கூர்மையாக இருக்கும். தக்காளி ரசத்துக்கு என்ன தருகிறது என்பதும் அன்றைக்குத்தான் புரியும்: அது புளியின் கூர்மையை மழுக்கி லேசான இனிப்பைச் சேர்க்கிறது.

புளியையும் கவனியுங்கள். புதுப்புளி வெளிர்நிறமாக இருக்கும். பழம்புளி கறுத்திருக்கும். எந்தப் புளி என்பது ரசத்தின் நிறத்திலேயே தெரிந்துவிடும்.

நான்கு பேருக்குப் பூண்டு மிளகு ரசம்

தேவையானவை: நெல்லிக்காய் அளவு புளி, நன்றாகப் பழுத்த தக்காளி 2, மிளகு ஒன்றரை டீஸ்பூன், சீரகம் ஒன்றரை டீஸ்பூன், பூண்டு 6 பல், மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், பெருங்காயம் இரண்டு சிட்டிகை, கறிவேப்பிலை, கொத்தமல்லித் தழை, உப்பு. தாளிக்க நெய் அல்லது நல்லெண்ணெய் 2 டீஸ்பூன், கடுகு அரை டீஸ்பூன், மிளகாய் வற்றல் 2.

புளியை வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து 2 டம்ளர் கரைசல் எடுங்கள். அதில் தக்காளியைக் கையால் பிசைந்து விடுங்கள். உப்பு, மஞ்சள்தூள், பெருங்காயம், கொஞ்சம் கறிவேப்பிலை, கொத்தமல்லிக் காம்பு சேர்த்து அடுப்பில் வையுங்கள். இந்த முதல் கொதி நன்றாகக் கொதிக்கவேண்டும். புளியின் பச்சை வாடை போக 7, 8 நிமிடம் ஆகும்.

அதற்குள் மிளகு, சீரகம், பூண்டை உரலில் ஒன்றிரண்டாகத் தட்டுங்கள். பூண்டைத் தோலோடு தட்டினாலும் தவறில்லை. மிக்ஸியில் நைஸாக அரைத்தால் ரசம் கலங்கி, கசப்பும் தட்டும். தட்டியதைக் கொதியில் போட்டு, இன்னும் ஒன்றரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, உடனே தீயைக் குறையுங்கள். இனி ரசம் கொதிக்கவே கூடாது. பாத்திரத்தின் ஓரத்தில் மஞ்சள் நுரை தொடங்கி, நடுவை நோக்கி நகர்ந்து, மேலெல்லாம் பூத்து எழும். நுரை முழுதாக மூடியதும், கொதி வெடிப்பதற்கு முன், இறக்கிவிடுங்கள். தழையைத் தூவி, தனியாகத் தாளித்துக் கொட்டி, மூடுங்கள். 10 நிமிடம் அப்படியே இருக்கட்டும்.

நுரை கட்டும்போது ஏன் இறக்கவேண்டும்?

மிளகிலும் சீரகத்திலும் மணம் தருபவை எளிதில் ஆவியாகும் எண்ணெய்கள். கொதி ஏறினால் அவை நீராவியோடு சேர்ந்து வெளியேறிவிடும். வீடு முழுக்க ரசம் மணப்பதைப் பெருமையாகச் சொல்வோம். வீடெல்லாம் பரவிய அந்த மணம் பாத்திரத்திலிருந்து போனதுதான். மூடி வைப்பதும், தழையைக் கடைசியில் போடுவதும் மிச்சத்தைக் காப்பாற்றத்தான்.

இதை ஒருமுறை நாக்கால் சோதித்துப் பாருங்கள். நுரை கட்டியதும் ஒரு கிண்ணம் எடுத்து மூடி வையுங்கள். மீதியை 5 நிமிடம் கொதிக்கவிட்டு இன்னொரு கிண்ணம் எடுங்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் குடியுங்கள். பொருள் ஒன்று, அளவு ஒன்று, ஆனால் ரசம் வேறு. இந்த வித்தியாசத்தை ஒருமுறை அறிந்த நாக்கு பிறகு மறக்காது.

ஈயச் சொம்பில் வைத்த ரசத்தின் பெருமையைப் பலரும் கேட்டிருப்பீர்கள். அது வெள்ளீயத்தால் செய்த பாத்திரம். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். அதனால் சொம்பில் புளிக்கரைசலை ஊற்றிய பிறகுதான் அடுப்பில் ஏற்றவேண்டும், தீ சிறிதாக எரியவேண்டும், தாளிப்பை இரும்புக் கரண்டியில் தனியாகச் செய்யவேண்டும். வாங்கும்போது காரீயம் கலக்காத சொம்புதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள், காரீயம் நஞ்சு. சொம்பு இல்லாவிட்டால் குறையொன்றும் இல்லை. அடி கனமான எவர்சில்வர் பாத்திரத்தில், நுரையில் இறக்கிய ரசம் அருமையாக இருக்கும்.

தெளிவா, கலக்கியா?

கல்யாணப் பந்தியில் ரசவாளியோடு வருபவர் கேட்பார்: "தெளிவா ஊத்தட்டுமா, கலக்கி ஊத்தட்டுமா?" ரசிகர்களுக்கு இது முக்கியமான கேள்வி. மேலே நிற்கும் தெளிவில் புளிப்பும் மணமும் இருக்கின்றன, அது குடிப்பதற்கு. கையைக் குவித்து வாங்கி உறிஞ்சுபவர்கள் கேட்பது அதைத்தான். அடியில் தங்கிய மண்டியில் நுணுக்கிய மிளகும் பூண்டும் தக்காளிச் சதையும் இருக்கின்றன. பருப்பு ரசமென்றால் வெந்த பருப்பும் சேர்ந்திருக்கும். அது சோற்றுக்கு.

சோற்றை நன்றாகக் குழைய வடியுங்கள். தட்டில் போட்டதும் அரை டீஸ்பூன் நெய் விட்டு விரல்களால் மசித்த பிறகு ரசத்தை ஊற்றுங்கள். மசிக்காத சோற்றில் ரசம் ஓடிவிடும். மசித்த சோறு அதைக் குடித்து வைத்துக்கொள்ளும். முதல் சோற்றை மண்டியோடும் அடுத்த சோற்றைத் தெளிவோடும் சாப்பிட்டால் ஒரே ரசத்தில் இரண்டு சாப்பாடு கிடைக்கும். கையால் சாப்பிடுவது நல்லது. சூடு எவ்வளவு, சோறு எவ்வளவு இளகியிருக்கிறது என்பது வாய்க்கு முன் விரலுக்குத் தெரிந்துவிடும்.

துணைக்குத் துவையல்

ரசம் சோறு இளகியது, புளிப்பானது, மெல்ல வேலை வைக்காதது. துணைக்கு வருவது கெட்டியாகவும் கொரகொரப்பாகவும் வறுத்த மணத்தோடும் இருக்கவேண்டும். அதற்குப் பருப்புத் துவையலை மிஞ்சியது இல்லை.

அரை கப் துவரம்பருப்பை வெறும் வாணலியில் சிறுதீயில் பொன்னிறமாக வறுங்கள். அவசரப்பட்டால் வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கும். கடைசியில் மிளகாய் வற்றல் 3 சேர்த்துப் புரட்டி இறக்குங்கள். ஆறியதும் 2 மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல், 2 பல் பூண்டு, சுண்டைக்காய் அளவு புளி, உப்பு சேர்த்து, தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அரையுங்கள். விரலால் தேய்த்தால் ரவை போல நெருடவேண்டும். அம்மி இருந்தால் இன்னும் நல்லது. துவையலை ரசம் சோற்றில் கலந்துவிடாமல் ஓரத்தில் வைத்து, ஒவ்வொரு கவளத்துக்கும் கொஞ்சம் தொட்டுக்கொள்ளுங்கள். தேங்காய்த் துவையல், பிரண்டைத் துவையல், பீர்க்கங்காய்த் தோல் துவையல் என்று மாற்றிக்கொண்டே போகலாம்.

ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம்

ஒரு ரசத்தை நன்றாக அறிந்தபின் மற்றவற்றைத் தேடிப் போங்கள். கொங்குப் பகுதியில் அடுப்பே ஏற்றாமல் பச்சைப்புளி ரசம் செய்கிறார்கள்: புளிக்கரைசலில் சின்ன வெங்காயம், மிளகாய், சீரகம், கொத்தமல்லி, உப்பு போட்டுக் கையால் கசக்கினால் முடிந்தது. வெயில் காலத்துக்கு ஏற்றது. கொள்ளு ரசம் மழைக்கும் குளிருக்கும். கொள்ளை வேகவைத்த தண்ணீர் ரசமாகும், வெந்த கொள்ளு துவையலாகும். ஒரே பொருளில் இரண்டும் வந்துவிடும்.

சித்திரை பிறக்கும்போது வேப்பம்பூ ரசம். காய்ந்த பூவை நெய்யில் கருஞ்சிவப்பாக வறுத்து, பரிமாறும் நேரத்தில் போடவேண்டும். முன்பே போட்டால் கசப்பு முழுக்க இறங்கிவிடும். உடம்பு அலுத்த நாளில் கண்டந்திப்பிலி ரசம். தேங்காயும் தனியாவும் கடலைப்பருப்பும் வறுத்து அரைத்துவிட்டால் மைசூர் ரசம். கடலோர ஊர்களில் நண்டை இடித்துப் போட்டு வைக்கும் ரசத்துக்குத் தனி ரசிகர் கூட்டமே உண்டு. அடுப்பில் ஏற்றும் ரசம் எல்லாவற்றுக்கும் விதி ஒன்றுதான்: பச்சை வாடை போகக் கொதிக்கட்டும், மணப்பொருள் சேர்ந்தபின் கொதிக்க வேண்டாம்.

ரசத்தை இறக்கிய அரை மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். திரும்பத் திரும்பச் சுடவைத்தால் காத்து வைத்த மணமெல்லாம் போய்விடும். மிஞ்சினால் சுடச்சுடப் பருப்பு வடை சுட்டு அதில் ஊறப்போடுங்கள். அடுத்த முறை வீட்டில் ரசம் வைக்கும்போது நுரை கட்டும் நேரத்தில் அடுப்பருகே போய் நில்லுங்கள், வைத்தவரிடம் பக்குவத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், ரசம் நன்றாக இருந்தால் சாப்பிடும்போதே வாய்விட்டுச் சொல்லுங்கள்.