மாலுமிப் பட்டியலின் கடைசிக் கட்டம்

நடுக்கடலில் செத்துப்போன பாட்டனாரைத் தேடுகிறவர்களுக்குப் பழைய பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களின் மாலுமிப் பட்டியல் ஒரு புதையல். பெயர், வயது, பிறந்த ஊர், முன்பு வேலை பார்த்த கப்பல் எல்லாம் அதில் உண்டு. என்னை ஈர்ப்பது கப்பலை விட்டு நீங்கிய நாளும் காரணமும் எழுதும் கட்டம்தான். வேலை முடிந்தவர், ஓடிப்போனவர், இறந்தவர், மூவருக்கும் ஒரே மை, ஒரே அலட்சியக் கையெழுத்து. மூழ்கிப்போனதாக வீடு அழுத ஆள், சிட்னியில் இறங்கிக் கம்பி நீட்டியிருக்கவும் கூடும் (பாட்டிக்குத் தெரியாமல் போனதே நல்லது). உண்மையிலேயே இறந்திருந்தால் கப்பலின் நாட்குறிப்பையும் பாருங்கள். அவருடைய சட்டை, பூட்ஸ் ஆகியவை சக மாலுமிகளிடம் ஏலம் போன கணக்கு அதில் இருக்கலாம். எந்த இரங்கல் குறிப்பும் இவ்வளவு நெருக்கமாக ஒரு மனிதரைக் காட்டியதில்லை.

1863 முதல் 1938 வரையான பட்டியல்களில் சுமார் 70 சதவீதம் கனடாவில், நியூஃபவுண்ட்லாந்தின் மெமோரியல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 1865, 1875 என 5-இல் முடியும் ஆண்டுகளின் பட்டியல்களில் பெரும்பகுதி லண்டன் கிரீனிச் அருங்காட்சியகத்தில். 1915-ஆம் ஆண்டுப் பட்டியலை இணையத்திலேயே இலவசமாகத் தேடலாம்.

பட்டியலைத் தேடக் கப்பல் எது என்று தெரிய வேண்டும்; ஆனால் ஒரே பெயரில் பல கப்பல்கள் ஓடின. விற்றால் பெயரும் மாறக்கூடும். 1855 முதல் கப்பலுக்குக் கொடுக்கப்பட்ட பதிவு எண் மட்டும் மாறாது. ஆளைத் தேடும் முன் அந்த எண்ணைப் பிடியுங்கள்.