வாசலில் விடப்பட்ட பெயர்

நேப்பிள்ஸ் நகரத்தில் அழைப்புமணிப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால், ‘எஸ்போசித்தோ’ என்ற குடும்பப் பெயர் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். வேர், லத்தீனின் ‘எக்ஸ்போசித்துஸ்’. வெளியே விடப்பட்டவன் என்று பொருள்.

அங்கே அனுன்சியாத்தா தேவாலயத்தை ஒட்டிய காப்பகச் சுவரில் ஒரு மர உருளை இருந்தது. இருட்டில் யாரோ குழந்தையை அதில் கிடத்திச் சுழற்றுவார்கள். மறுபக்கம் இருப்பவர் எடுத்துக்கொள்வார். விட்டவர் முகம் தெரியாது. 1875-இல் உருளை நின்றது. அதற்கு முன்பே, அப்படி வந்த பிள்ளைகள் பலருக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

1889-இல் அரசி மார்கெரித்தாவுக்குப் பீட்சா சுட்டதாகச் சொல்லப்படும் ரஃபாயேலேவும் எஸ்போசித்தோதான். யாருமில்லாத குழந்தைக்குச் சூட்டிய பெயர், இன்று ஊரிலேயே அதிகம் பேருக்கு உள்ள பெயர்!