பழைய நீராவிப் பொறிப் படமும் முதற்பொருளும்

பிரிட்டானிய விரைவு நீராவிப் பொறிகளின் பழைய நிழற்படங்களை நூல்களில் காண்போர் அவற்றை வேகத்தின் சின்னங்களாகவே போற்றுவர். அப்போற்றுதல் படத்தினின்று பிறந்ததன்று என்பது எம் கருத்து. 1850களில் ஒரு காட்சியைப் பதிய நிழற்படக் கருவிக்குப் பல நொடிகள் வேண்டியிருந்தன; ஓடும் பொறி அதற்கு அகப்படவில்லை. ஆகவே விரைவுக்கென்றே பிறந்த பொறியும் அசையாது நின்றுதான் படமாயிற்று.

மாஞ்செஸ்டர் நகரத்துப் பேயர் பீகாக் தொழிற்கூடத்துக்காக ஜேம்ஸ் மட் என்பார் எடுத்த படங்கள் இவ்வகைக்கு முன்னோடிகள். இம்மரபில் பொறியைப் பக்கவாட்டில் நிறுத்துவர், உறுப்புகள் தெளிவுறத் தோன்றுதற்பொருட்டுச் சாம்பல் வண்ணம் பூசுவர், பின்னணியையும் மறைத்துவிடுவர். வாங்குவோர்க்குப் பொறியைக் காட்டும் நோக்கத்துக்கு இஃது ஏற்றதே. ஆயினும் தொல்காப்பியர் கூறும் முதற்பொருளாகிய நிலமும் பொழுதும் இப்படங்களில் துடைக்கப்பட்டன. அகத்திணைக் கோட்பாட்டை இரும்பின்மேல் ஏற்றுதல் மிகையெனச் சிலர் கூறலாம். யாம் இலக்கணத்தை ஏற்றவில்லை. எந்நிலத்தில், எப்பொழுதில் என்னும் வினாவை மட்டுமே கடன் கொள்கிறோம்.

அவ்வினாவை வடசென்னையில் நின்று கேட்டல் வேண்டும். இராயபுரம் நிலையத்தை ஆளுநர் ஆரிஸ் பெருமகனார் 1856 சூன் 28ஆம் நாள் திறந்து வைத்தார். சூலை 1 முதல் வாலாஜா ரோடு வரை, ஏறத்தாழ 100 கிலோமீட்டர், மக்கள் பயணம் செய்தனர். அன்று சென்னைக்குச் செயற்கைத் துறைமுகம் இல்லை; அதன் கட்டுமானம் 1870களிலேதான் தொடங்கியது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, சரக்குகள் மசூலாப் படகுகளில் கரையேறின. பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு அது; ஆணி கிடையாது. பிரிட்டனிலிருந்து வந்த பொறிகளின் உறுப்புகளும் படகோட்டிகளின் கைத்திறனை நம்பியே அவ்வலையைக் கடந்திருத்தல் வேண்டும். தொழிற்கூடப் படம் இவற்றுள் ஒன்றையும் அறியாது.

இங்கு நிழற்படக் கருவியே இல்லை என்று சொல்லவும் இயலாது. அதே 1856இல் லின்னேயஸ் டிரைப் சென்னை அரசின் நிழற்படக் கலைஞராக அமர்த்தப்பெற்றார். அடுத்த ஈராண்டுகளில் மதுரை, தஞ்சைக் கோயில்களைப் படமெடுத்தார்.

பதிப்புத்துறையினர் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஒரு படத்துக்கு ‘இராயபுரத்துப் பொறி’ எனத் தலைப்பிருப்பின், ஏட்டுப் பிரதியில் தேடுவதுபோல் அகச்சான்று தேடல் வேண்டும். சென்னை இருப்புப்பாதையின் அகலம் 5 அடி 6 அங்குலம். பிரிட்டனில் பெரும்பான்மை 4 அடி 8½ அங்குலம். இதனினும் நல்ல சான்று யாதுளது? ஆனால் பக்கவாட்டுப் படத்தில் பாதையின் அகலம் தோன்றாது! எனவே புறச்சான்றின்றி அத்தலைப்பை ஏற்றல் ஒல்லாது.

1855இல் லீட்ஸ் நகரில் செய்யப்பெற்றுக் கிழக்கிந்திய இருப்புப்பாதைக்கு வந்த ‘எக்ஸ்பிரஸ்’ என்னும் பொறியைப் பெரம்பூர்ப் பணிமனையார் 2010இல் செப்பனிட்டு மீண்டும் ஓடச் செய்தனர். அதன் படத்தை வெளியிடுவோர் லீட்ஸ் என்றெழுதி நிறுத்தாது, பெரம்பூரையும் அவ்வாண்டையும் உடன் எழுதுவாராக.