6.144-இன் நாதம்

8085-ஐ வைத்துத் தம் கையாலேயே கணினி கட்டி, அதன் சீரியல் போர்ட்டைப் பேச வைத்தவர்கள் பலர் உண்டு; அந்தப் பேச்சின் காலப் பிரமாணத்தைக் காதால் கேட்டு ரஸித்தவர்கள் சிலரே. அந்தச் சிலரில் என்னைச் சேர்த்துவிட்டது 'யூ' என்ற ஒற்றை எழுத்து. எட்டு பிட், பாரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட் என்ற ஏற்பாட்டில் அதை இடைவிடாமல் அனுப்பினால், ஸ்டார்ட் பிட் முதல் ஸ்டாப் பிட் வரை சுழியும் ஒன்றும் மாறி மாறி வந்து, 1200 பாடில் 600 ஹெர்ட்ஸ் நாதம் பிறக்கிறது. எஸ்.ஓ.டி. பின்னில் ஒரு ரெஸிஸ்டர் வழியாகச் சிறு பீசோவைச் சேர்த்துவிட்டால், ஆஸிலாஸ்கோப் வாங்க வசதியில்லாதவரும் சுருதி பார்த்துவிடலாம்.

இதன் சூக்ஷ்மமெல்லாம் ஸ்டாப் பிட் முடிந்து அடுத்த ஸ்டார்ட் பிட் தொடங்கும் சந்தியில் இருக்கிறது. பிட்டுக்கு 2560 டி-ஸ்டேட் என்று டிலே லூப்பை நிறுத்துவது பயின்ற கைக்கு எளிது. அடுத்த எழுத்தை எடுத்துவரச் செலவாகும் காலத்தையும் ஸ்டாப் பிட்டுக்குள்ளேயே அடக்கிவிடுவதில்தான் எழுதியவரின் வித்வத் தெரியும். அடக்கத் தவறினால், வினாடிக்கு ஏறக்குறைய 120 தரம் வரும் அந்தச் சந்தி, 600-க்கு அடியில் தடித்த உறுமலாகக் கேட்கும். எதிர்முனை அதைப் பிழையென்று கொள்ளாமல் எழுத்துகளைச் செவ்வனே படித்துவிடும் என்பது உண்மையே. ஆனால் ரஸிகனுக்கு அது சமாதானமாகாது.

6.144 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் உள்ளே பாதியாகி 3.072 ஆகிறது, 1200-க்கு 2560, 9600-க்கு 320, மிச்சம் ஒன்றுமில்லை. அதே ப்ரோகிராமை 6 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினால் நாதம் 586-க்கு இறங்கிவிடும். 2.3 சதவீதம்தானே என்று எதிர்முனை பொறுத்துக்கொள்ளும். அதுவும் அதே அளவு மறுதிசையில் விலகியிருந்தால், கடைசியாக வரும் மேல் பிட்டுகள் தடுமாறி, 8251-இல் ஃப்ரேமிங் எரர் எழத் தொடங்கும். மட்டாஞ்சேரியில் என்னோடு இந்தப் பித்துப் பிடித்த நண்பர்கள் உடனே கடல் உப்பையும் இடவப்பாதி மழையையும் குற்றம் சாட்டுவார்கள். சாக்கெட்டில் துரு ஏறினால் பிழை தோன்றியபடியெல்லாம் வரும். காலம் பிசகினாலோ, பெரும்பாலும் அதே எழுத்து அதே தவறான எழுத்தாகவே வந்து நிற்கும். இந்த பேதம் தெரியாமல் ஊர்க்காற்றைப் பழிப்பது நியாயமன்று.

ஸெட்80 அன்பர்களுக்கு 7.3728-தான் உத்தமம், 64-ஆல் வகுத்தால் 115200 கிடைக்கிறது. அழகிய எண்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வேகத்தில் 'யூ' 57,600 ஹெர்ட்ஸில் பாடுகிறது. மனிதச் செவியோ 20,000-க்கு மேல் கேளாது. எனக்கென்னவோ, கேட்க முடியாத சங்கீதத்தில் நாட்டமில்லை.

எங்கள் காலத்து லாபில் டி-ஸ்டேட்டைக் கணக்கிட்டுக் காட்டாமல் ட்ரெயினர் கிட்டைத் தொட விடமாட்டார்கள். இன்றோ, திரையில் குப்பை வந்தால் 4800, 9600, 19200 என்று பட்டியலை மாற்றி மாற்றிப் பார்ப்பதே பரிசோதனை என்றாகிவிட்டது. 6 மெகாஹெர்ட்ஸில் உண்டாகும் 9375 எந்தப் பட்டியலில் இருக்கப்போகிறது? கடைக்காரர் 6-ஐ நீட்டி, "இரண்டும் ஒன்றுதான் சார்" என்றால் நம்பிவிடாதீர்கள். உறைமேல் பொறித்த மூன்று தசம இலக்கங்களையும் படித்த பிறகே காசைக் கொடுங்கள்.